தனித் தட்டு

நவம்பர் 12, புதன்

மறுவாழ்வு மையத்தில் எனக்கும் ஒரு நோட்டுக் கொடுத்தார்கள். குடித்தவர் மட்டும் எழுதினால் போதாதாம், கூட இருந்து பட்டவர்களும் எழுத வேண்டுமாம். வாங்கி வந்து அரிசி டிரம் மேல் போட்டதோடு சரி. இன்று விடாத மழை, மாவு வாங்க ஆளில்லை. சும்மா கிடக்கிற கை எதையாவது செய்யட்டும் என்று எடுத்தேன்.

நான் மைனாவதி. திருச்செங்கோட்டில் மலையடிவாரத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். வீட்டுக்காரர் அர்த்தநாரி, சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறார். மகள் தாரிகா ஒன்பதாவது. எங்கள் கல்யாணத்துக்கு என்ன வயதோ, கிட்டத்தட்ட அவர் குடிப்பழக்கத்துக்கும் அதே வயது. தீபாவளிக்கு முன்னால் மையத்திலிருந்து வந்தார். இன்றுவரை தொடவில்லை.

காலையில் காபிக்கு முன்னால் மாத்திரை. அவரே பிரித்து, என் கண் முன்னால் விழுங்கி, வாயை ஆவென்று திறந்து காட்டுவார். சொட்டு மருந்து போட வந்த பிள்ளை மாதிரி இருக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவேன்.

மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி எடுத்து, உயிரே போனாலும் போகும் என்று டாக்டரம்மா சொன்னார். நிறுத்தினாலும் இரண்டு வாரம் அதன் வேலை உள்ளே இருக்குமாம். எல்லாம் கேட்டுத்தான் இவர் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார் டாக்டரம்மா.

"அவருக்குத் தெரியாம ஒரு நாளும் சோத்துல கலந்து குடுத்துராதீங்க. மாத்திரை தடுக்கறதில்லீங்க. உள்ள மாத்திரை இருக்குதுங்கற நெனப்புத்தான் தடுக்குது."

நான் தலையாட்டினேன். பேசும்போதெல்லாம் அவர் கண் என் முழங்கைத் தழும்பில்தான் இருந்தது. அது போன தை மாதம் குக்கர் ஆவி பட்டது. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். வருஷா வருஷம் போடுகிறவர்தான். குடி எவ்வளவு முற்றினாலும் கார்த்திகை பிறந்தால் மாலை, கறுப்பு வேட்டி, விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளியல். அந்த ஒரு மண்டலம் மட்டும் என் வீட்டில் மனிதர் குடியிருப்பார்.

வையாபுரி குருசாமி போட்டுவிட்டார். இவருடைய கூட்டாளி சென்னிமலையும் கூடவே போட்டுக்கொண்டார். வீடு திரும்பியதும் மாத்திரையை நீட்டினேன். வேண்டாம் என்றார்.

"சாமி கழுத்துல இருக்கறப்ப மாத்திர எதுக்கும்மா? அது சாமிய நம்பாத மாதிரி ஆயிருமல்லொ."

மாலை போட்டால் பெண்டாட்டியும் அம்மாதான். போன வருஷம் இதே வாய் என்னைக் கூப்பிட்டதை எழுதினால் இந்த நோட்டு நாறிவிடும். டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்கலாமே என்றதற்கு, டாக்டருக்குமேல் டாக்டர் அவர் என்று சாமி படத்தைக் காட்டினார். மாத்திரை அட்டைகளை மிளகு டப்பாவில் போட்டு மூடினேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

மாலை போட்டவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாத்திரம். யார் எச்சிலும் அதில் கலக்கக் கூடாது. பரண் மேலிருந்து தட்டை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

வீடு கோவில் மாதிரி இருக்கிறது. பஜனைக்குப் போய்விட்டு நேரத்தோடு வருகிறார். கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவிக் கொடுத்தார். தாரிகா அவரிடம் கணக்கு நோட்டைக் காட்டி எதற்கோ சிரித்தாள். வண்டிச் சத்தம் கேட்டால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற பிள்ளை அவள். நேற்று வண்டி வந்து நின்றது, அவள் எழுந்திருக்கவே இல்லை.

நவம்பர் 26, புதன்

சென்னிமலை மாவு வாங்க வந்தார். அவர் வீட்டிலேயே கிரைண்டர் இருக்கிறது.

"மலையெறங்குன அன்னைக்கு நம்ம தோட்டத்துலதான் விருந்து அம்மிணி. கெடா சொல்லியாச்சு. அர்த்தநாரி சாமிக்குன்னு தனியாவே எடுத்து வெச்சிருக்கறன்."

என்ன எடுத்து வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. இவர்கள் வழக்கம் ஊரறிந்தது. மாலை கழற்றுகிற அன்றே விரதத்துக்கெல்லாம் வட்டியும் முதலுமாகக் குடித்துத் தீர்ப்பார்கள். சாமியைக் கும்பிடுவதே அந்த ஒரு நாளுக்காகத்தானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இவர் திண்ணையில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது.

போன தடவை மாலை கழற்றிய மத்தியானம் விருந்துக்குப் போனவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினார். அதற்குப் பிறகுதான் குக்கர் ஆவி.

நவம்பர் 27, வியாழன்

ரசத்தில் மிளகு தூக்கலாக இருக்கிறது, கசக்கிறது என்றார். வேறு விசேஷமில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

எழுதத்தானே நோட்டு, எழுதிவிடுகிறேன். கசந்தது மிளகு இல்லை. மாத்திரை. மூன்று நாளாக நுணுக்கி அவர் தட்டில் மட்டும் போடுகிறேன். தட்டு தனி, பாத்திரம் தனி. சாமிக்குச் செய்த ஏற்பாடு எனக்கும் வசதியாகப் போயிற்று.

டாக்டரம்மா சொன்னது மறக்கவில்லை. ஆனால் மாலை கழுத்தில் இருக்கும்வரை இவர் தொடமாட்டார், ஆகவே ஆபத்தில்லை. மலைக்குப் போய்த் திரும்பியதும், மாலை கழற்றுவதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவேன். உடம்பில் மாத்திரை இருக்கிறது என்று தெரிந்தால் விருந்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா? இவ்வளவுதான் என் யோசனை. இதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. சாமி படத்துக்கு எதிரே நின்று நுணுக்காமல், பின்கட்டில் வைத்து நுணுக்குகிறேன்.

டிசம்பர் 8, திங்கள்

மூன்று நாள் நான் அடுப்படிக்குப் போகக் கூடாது. அவருக்குக் குருசாமி வீட்டில் சாப்பாடு. நாக்கில் எந்நேரமும் இரும்பை நக்கின ருசி இருக்கிறது என்று குருசாமியிடம் கேட்டாராம். விரதச் சூடு, இளநீர் குடி என்றிருக்கிறார். தேங்காய் விலைக்கு இளநீரும் ஏறிக் கிடக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

அவர்கள் தூங்கின பிறகு எழுதுகிறேன்.

பச்சைத் தண்ணீர்க் குளியலில் அவருக்குச் சளி கட்டிவிட்டது. நாட்டு மருந்துக் கடையில் அரிஷ்டம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம். சாமிமார் எல்லோரும் குடிப்பதுதான் என்று கொண்டுவந்தார். அரிஷ்டத்தில் கொஞ்சம் போதை இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். மூடியைத் திறந்து மூக்கருகே வைத்தவர் சற்று நேரம் அப்படியே நின்றார். இரண்டு மூடிதான் அளவு. அரை டம்ளர் ஊற்றினார்.

நான் வாய் திறந்திருக்க வேண்டும். மாவுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் கழுத்திலிருந்து முகம்வரை செக்கச்செவேலென்று ஆயிற்று. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னாலேயே சரிந்தார். வாந்தி. மூச்சு வாங்கியது. கறுப்பு வேட்டிக்குள் கால் உதறியது. தாரிகா ஓடிவந்து ஆட்டோவுக்குச் சொல்லட்டுமா என்றாள். கொஞ்சம் பொறு கண்ணு என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்றுதான் முதலில் கேட்பார்கள். மறுபடி கேட்டாள். மறுபடியும் பொறு என்றேன்.

நல்லவேளை, சிறிது சிறிதாக அடங்கிற்று. எழுந்து சுவரில் சாய்ந்தவர் என்னைப் பார்த்து அழுதார்.

"அதத் தெறந்ததும் அந்த வாசன அடிச்சுதும்மா. குடிக்கோணும்னு மனசு போயிருச்சு. அதான் சாமி நெஞ்சுல அடிச்சுட்டாரு."

சொம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுத்தேன். அவர் தரையில் கிடந்தபோது ஒரு நொடி என் மனசில் வந்துபோனதை மட்டும் எழுதப் போவதில்லை.

டிசம்பர் 15, திங்கள்

ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. குருசாமி பஜனையில் எடுத்துச் சொன்னாராம். சென்னிமலை பயந்துபோய் இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாராம். மாவு வாங்க வந்த பெண்கள் இவர் விழுந்த இடத்தைக் கேட்டு, அந்தத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இரண்டாம் ஈடு அரைக்க வேண்டியதாயிற்று.

டிசம்பர் 16, செவ்வாய்

இன்றும் போட்டேன்.

டிசம்பர் 24, புதன்

சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரே பேச ஆரம்பித்தார். இத்தனை வருஷம் மாலை போட்டும் சாமி தன்னைக் கண்டுகொண்டதில்லை, இந்த வருஷம்தான் கையோங்கி அடித்தார், பெற்ற தகப்பன்கூடத் தன்னை அப்படித் திருத்த நினைத்ததில்லை என்றார். முகம் தெளிந்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று பார்த்த முகம்.

இப்படி நம்புகிறவரிடம், அடித்தது சாமியில்லை, நான்தான் என்று எந்த வாயால் சொல்வது? எழுந்து வந்து உளுந்து ஊறப்போட்டேன். பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். என் பொய்க்கு ஊரே கால் பிடித்துவிடுகிறது.

ஜனவரி 2, வெள்ளி

இருமுடி கட்டினார்கள். நெய்த்தேங்காயில் நெய் ஊற்ற என்னையும் கூப்பிட்டார் குருசாமி. மனசில் எதை வேண்டிக்கொள்கிறாயோ அதை வேண்டி ஊற்று என்றார். நெய் தேங்காய்க் கண்ணுக்குள் இறங்காமல் விரலில் வழிந்தது.

இருமுடி தலையில் ஏறிவிட்டால் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. அவரும் பார்க்கவில்லை. வேன் திரும்பும்வரை தெருவில் நின்றேன். காலை இட்லிச் சட்னியிலும் போட்டுத்தான் அனுப்பினேன். அட்டையில் ஒரே ஒரு மாத்திரைதான் மிச்சம்.

ஜனவரி 4, ஞாயிறு

பம்பையிலிருந்து பேசினார். நல்ல தரிசனமாம். அழுதேன்மா என்றார். நானும் அழுதேன், அவருக்குக் கேட்காமல்.

ஜனவரி 5, திங்கள்

காலையில் வேன் வந்தது. மற்றவர்கள் குருசாமி வீட்டில் மாலை கழற்ற இறங்கிக்கொண்டார்கள். இவர் மட்டும் இருமுடியோடு நேரே வீட்டுக்கு வந்தார். சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதக் கழட்டுனா நான் குடிச்சுப்போடுவன்மா. எனக்குத் தெரியுது. சென்னிமலை இப்ப வந்துருவான். சாமியும் இனி அடிக்க மாட்டாரு." என் முகத்தைப் பார்த்தார். "அந்த மாத்திரய எடு. இன்னைல இருந்து நானே போட்டுக்கறன்."

இதைவிடப் பெரிதாக நான் எதைக் கேட்டிருப்பேன்? அவர் வாயாலேயே வந்துவிட்டது. நானோ, முதலில் காபி குடியுங்கள், எடுத்துத் தருகிறேன் என்று என்னமோ உளறினேன். அவரே எழுந்து போய் மிளகு டப்பாவைத் திறந்தார். ஓட்டை ஓட்டையாகக் கிடந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இவர் குடிகாரர், முட்டாள் இல்லை.

"எப்ப இருந்து?"

"சென்னிமலையண்ணன் வந்து கெடா சொல்லிட்டுப் போன அடுத்த நாள்ல இருந்துங்க."

"அரிஷ்டம் குடிச்ச அன்னைக்கு?"

"அன்னைக்கும்தானுங்க."

அட்டையைக் கீழே வைத்தார். கோபம் வரும், கை ஓங்கும் என்று இருந்தேன். வரவில்லை. வந்திருந்தால் எனக்குப் பழக்கப்பட்டதாக இருந்திருக்கும்.

"அப்ப அன்னைக்கு என் நெஞ்சுல அடிச்சது சாமி இல்ல. நீ."

கீழே கிடந்த அட்டைகளைப் பொறுக்கினேன்.

"அன்னைக்கு நாஞ் செத்திருந்தா?"

சேலைத் தலைப்பை இழுத்து முழங்கையை மூடினேன். ஏன் மூடினேனோ. அவர் பார்வையும் அங்கேதான் இருந்தது. அந்தக் கேள்வியை அவர் திரும்பக் கேட்கவில்லை.

வெளியே சென்னிமலை பைக்கில் வந்து ஹாரன் அடித்தார். இவர் மாலையைத் தானே கழற்றினார். தேங்காய் உடைக்கவில்லை, சரணம் சொல்லவில்லை. படத்தின் ஆணியில் மாட்டிவிட்டுச் செருப்பைப் போட்டார். இன்னும் உடம்பில் இருக்கிறது, இன்றைக்குத் தொட்டால் அன்றுபோல் லேசில் போகாது என்று பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனேன். தெரியும் என்று சொல்லி பைக்கில் ஏறினார்.

அப்புறம் நான் செய்தது தெரு முழுக்கத் தெரியும். வெறுங்காலோடு பைக்கின் பின்னால் ஓடினேன். மாவுக்கு நின்ற பெண்கள், டீக்கடைக்காரர், எல்லோரும் பார்த்தார்கள். நான் கத்தியதை மூடி மறைக்க இனி ஒன்றுமில்லை.

"அண்ணா, அவருக்கு ஒரு சொட்டுக்கூடக் குடுத்துராதீங்க, செத்துருவாரு. சோத்துல நாந்தான் மாத்திர கலந்து போட்டிருக்கறன்."

சென்னிமலை பிரேக் பிடித்துத் திரும்பிப் பார்த்தார். இவர் திரும்பவில்லை. வண்டியை எடு என்று அவர் தோளைத் தட்டினார்.

அதே நாள், சாயங்காலம்

சென்னிமலை போனை எடுக்கவில்லை. குருசாமியைத் தோட்டத்துக்குப் போகச் சொல்லிக் கேட்டேன். போகிறேன் என்றார், என்னிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. தாரிகா பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப் பையோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அப்பா இன்னும் வரவில்லை கண்ணு, வெளியே வா என்றேன். உள்ளே குழாயைத் திறந்துவிட்டாள். தெருவில் யார் என்ன சொன்னார்களோ.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

நடந்தே வந்தார். பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன், வெட்கப்படாமல் எழுதுகிறேன். வெயில் வாசனையும் வியர்வையும்தான். தோட்டத்தில் கிணற்று மேட்டில் உட்கார்ந்தே இருந்தாராம். பயந்துபோய் ஒருவரும் அவருக்குத் தண்ணீர்கூட ஊற்றித் தரவில்லையாம். இது குருசாமி சொன்னது. சோறு போடட்டுமா என்றேன். தட்டைத் தானே கழுவி, கடையில் வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்.

ஜனவரி 7, புதன்

மாவு வாங்க ஒருவரும் வரவில்லை. மழை இல்லை, நல்ல வெயில். புளித்துப் பொங்கி வழிந்ததைச் சாக்கடையில் ஊற்றினேன்.

ஜனவரி 9, வெள்ளி

நேற்று தனியாக பஸ் ஏறி மையத்துக்குப் போய்வந்தார். புது மாத்திரை அட்டை அவர் சட்டைப் பையில் இருக்கிறது. இன்று காலையில் தாரிகாவைக் கூப்பிட்டு, அவள் முன்னால் விழுங்கி, அவளுக்கு வாயைத் திறந்து காட்டினார். டாக்டரம்மா என்னையும் கூட்டிவரச் சொன்னாராம். எப்போது போகலாம் என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி வண்டியைக் கிளப்பினார்.

ஜனவரி 12, திங்கள்

விரதம் முடிந்தால் தனித் தட்டு பரணுக்குப் போக வேண்டும். அதை வண்டியில் தன் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். அவர் குடியைத் தொடவில்லை. நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். விடியலில் வாசலில் பானை வைத்தேன். பொங்கி வடக்குப் பக்கம் வழிந்தது. நல்லது என்பார்கள்.

நல்ல நாளும் அதுவுமாக ஹோட்டல் சாப்பாடு வேண்டாம் என்று கெஞ்சினேன். சற்று யோசித்து, வண்டியிலிருந்து தட்டை எடுத்துவந்து உட்கார்ந்தார். தாரிகாவுக்கு இலை போட்டேன். இருவருக்கும் ஒரே பானையிலிருந்து, அவர்கள் பார்க்கும்படி ஒரே கரண்டியால் பரிமாறினேன். நெய் ஊற்றினேன்.

அவர் கை வைக்கவில்லை. தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ மொதல்ல ஒரு வாய் சாப்புடு."

கோபமாகச் சொல்லவில்லை. அக்கறையாகச் சொல்வது போலவே இருந்தது. ஒரு மண்டலம் யார் எச்சிலும் படாமல் காத்த தட்டு அது. அதிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டேன். நான் விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

தாரிகாவைச் சாப்பிடு கண்ணு என்றேன். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. அப்புறம் அவள் இலையிலிருந்தும் ஒரு வாய் எடுத்துத் தின்றேன்.